தோண்டியவர் எங்கே? கூச்சிச் சுரங்கங்களும் சைகொன் போர் அருங்காட்சியகமும்

ஒரு தேசம் தன் போராட்டத்தை நாவலாக எழுதினால் அதனை விமர்சிக்க நாம் தயங்குவதில்லை. அதே போராட்டத்தை அது கண்காட்சியாக அமைத்தால் மட்டும் எமது விமர்சனம் வாயடைத்துப் போகின்றது. பார்த்தோம், உள்ளம் உருகினோம், திரும்பினோம் என்று எழுதி முடித்துவிடுகின்றோம். பிரயாணக் கட்டுரை என்ற பெயரில் எமது ஏடுகளில் வெளிவருவனவற்றுட் பெரும்பாலானவை இவ்வகையினவே. ஆயின், கண்காட்சியும் ஓர் ஆக்கமேயாகும். எதனைத் தெரிந்தெடுப்பது, எதனை முன்னே வைப்பது, எதனைச் சொல்லாது விடுவது என்னும் தீர்மானங்களால் ஆனது அது. ஒரு கதையை எத்துணைக் கூர்மையுடன் வாசிக்கின்றோமோ அத்துணைக் கூர்மையுடன் அதனையும் வாசித்தல் வேண்டும். வாசிக்கப்படும் பொருள் நாம் நேசிக்கும் போராட்டமாக இருப்பின் இக்கடமை மேலும் கண்டிப்பானதாகின்றது.

நாம் கூறவந்தது ஒரு நாட் பிரயாணத்தைப் பற்றியது. ஹோ சி மின் நகரில், இன்றும் அந்நகரத்தவர் தம் பேச்சிற் சைகொன் என்றே சொல்லும் அந்த நகரில், ஒரே சீட்டுக்கு இரண்டு இடங்களைக் காட்டுகின்றார்கள். காலையில் நகருக்கு வடமேற்கேயுள்ள கூச்சிச் சுரங்கங்கள்; மாலையில் நகரின் நடுவிலுள்ள போர் அருங்காட்சியகம். காலை ஏழரைக்குப் பஸ் வண்டி புறப்படும். மாலை ஐந்துக்குக் கொண்டுவந்து இறக்கிவிடும். இடையில் மதிய உணவு, ஒரு போத்தல் தண்ணீர், ஆங்கிலம் பேசும் வழிகாட்டி ஒருவர். பிரெஞ்சுக்காரருடன் தொடங்கி அமெரிக்கருடன் முடிந்த முப்பது ஆண்டுப் போர் ஒன்பதரை மணித்தியாலத்துள் அடங்கிவிடுகின்றது.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வெளிவந்த எமது முற்போக்கு ஏடுகளைப் புரட்டுவோர், வியட்நாம் என்னும் பெயர் அவற்றின் கவிதைகளில் எத்தனை முறை ஒலிக்கின்றது என்பதை அறிவர். அக்கவிதைகளை வாசித்து வளர்ந்த நாம், யாத்திரிகரின் மனோநிலையிலேயே அந்தப் பஸ்ஸில் ஏறினோம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளுகின்றோம். எமது பக்கத்து ஆசனத்தில் இருந்த அவுஸ்திரேலிய இளைஞர் இருவர், அங்கே துவக்குச் சுடலாமாமே என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தனர். அவர்களும் சீட்டு வாங்கியவர்கள்; நாமும் சீட்டு வாங்கியவர்கள். அந்த நாளின் முடிவில் யாருடைய எதிர்பார்ப்பு நிறைவேறியது என்பதே இக்கட்டுரையின் விடயம்.

கூச்சியை அடையுமுன் பஸ் ஓரிடத்தில் நின்றது. உடற்குறை உள்ளோர் பணியாற்றும் அரக்கு வேலைத்தலம் அது. முட்டையோட்டை நுணுக்கிக் கரும்பலகை போன்ற தளத்திற் பதித்துத் தாமரையும் எருமையும் மூங்கிற் காடும் ஆக்குகின்றார்கள். நஞ்சு தெளிக்கப்பட்ட நிலத்திற் பிறந்த பிள்ளைகள் இவர்கள் என்று வழிகாட்டி ஒரே வசனத்திற் சொன்னார்; வேலைத்தலத்தின் மறுவாசல் கடைக்குள் திறந்தது. அம்மக்களுக்கு வேலையும் கூலியும் கிடைப்பதை நாம் குறைகூறவில்லை. ஆயின், அந்த நஞ்சு எது, அதனைத் தெளித்தவர் யார், எவ்வளவு தெளித்தனர் என்பதை அறிய மாலைவரை, அருங்காட்சியகத்தின் மேல்மாடிவரை, காத்திருக்கவேண்டியதாயிற்று. விளைவைக் காலையில் விற்றுவிட்டுக் காரணத்தை மாலையிற் காட்டும் இந்த ஒழுங்கு யாரோ ஒருவருடைய தீய எண்ணத்தாற் பிறந்ததன்று. வழியிலே கடை எங்கே வருகின்றது என்பதாற் பிறந்தது. சந்தையின் ஒழுங்கு அப்படித்தான் இருக்கும்.

கூச்சிச் சுரங்கங்களின் வரலாறு சுருக்கமாக இதுதான். 1948ஆம் ஆண்டளவில், பிரெஞ்சுப் படைகளின் தேடுதல்களிலிருந்து தப்புவதற்காக, அப்பகுதிக் கிராமத்தவர் தத்தம் வீட்டின் கீழே பதுங்குகுழிகளைத் தோண்டினர். பின்னர் ஒரு குழியை மற்றக் குழியுடனும், ஒரு கிராமத்தை மற்றக் கிராமத்துடனும் இணைத்தனர். அமெரிக்கப் போரின் காலத்தில் இவ்வலைப்பின்னல் ஏறத்தாழ 250 கிலோமீற்றர் நீளமாக வளர்ந்தது. மூன்று தளங்கள், உறங்குமிடங்கள், சமையலறைகள், கிணறுகள், காயமுற்றோரைக் கிடத்தும் அறைகள். 1966 சனவரியில் அமெரிக்க, அவுஸ்திரேலியப் படையினர் ஏறத்தாழ 8,000 பேர் இப்பகுதியைச் சல்லடை போட்டுத் தேடினர். அதே ஆண்டில் அமெரிக்காவின் 25ஆம் காலாட்படைப் பிரிவு தன் பெருந்தளத்தைக் கூச்சியில் அமைத்தது. காலின் கீழே என்ன இருக்கின்றது என்பது அதற்குத் தெரியவில்லை. 1967 சனவரியில் வந்த படை 30,000 பேர். சைகொன் ஆற்றின் மறுகரையிலிருந்த பென் சுக் கிராமத்தையும் அயற் கிராமங்களையும் சேர்ந்த ஏறத்தாழ 6,000 மக்களை லொறிகளில் ஏற்றி அகற்றிவிட்டு, பென் சுக்கைப் புல்டோசர்களால் மட்டமாக்கினர். ஜொனதன் ஷெல் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர் அதனை நேரிற் கண்டு அவ்வாண்டிலேயே நூலாக எழுதினார்.

இவ்வளவு வரலாற்றையும் வைத்துக்கொண்டு எமக்குக் காட்டப்பட்டவை யாவை? முதலாவதாக, காய்ந்த சருகின் நடுவே ஒரு சிறு மரமூடி. வழிகாட்டி அதனைத் தூக்கி உள்ளே இறங்கி, கைகளை மேலே நீட்டி, மூடியைத் தலைமேல் இழுத்து மறைந்துபோகின்றார். எல்லோரும் கைதட்டுகின்றனர். அடுத்ததாகப் பொறிகளின் வரிசை. சுழலும் பலகை, கூர்மூங்கில், முள்ளுருளை என ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். ஒவ்வொன்றும் மனித உடலின் எந்தப் பாகத்தைத் துளைக்கும் என்பதற்கு ஒரு விளக்கம். ஒவ்வொரு விளக்கத்துக்கும் ஒரு சிரிப்பு. பின்னர் புகையைப் பல வாய்களாற் பிரித்து நிலத்தோடு படரவிடும் அடுப்பு. பின்னர், வெளிநாட்டவரின் உடம்புக்கு ஏற்ப அகலமாக்கப்பட்ட சுரங்கத் துண்டொன்று. அதற்குள் ஏறத்தாழ நூறு மீற்றர் தவழலாம். முடியாதவர் வெளியேற இடையிடையே வாய்கள் உண்டு. நாம் இரண்டாவது வாயிலேயே வெளியேறினோம் என்பதை மறைப்பதற்கில்லை. முழங்காலும் தோளும் சுவரில் உராய, முன்னே செல்பவரின் செருப்பைத் தவிர வேறெதுவும் தெரியாத அந்தச் சில நிமிடங்கள்தாம் அன்றைய காலையில் உண்மைக்கு மிக அருகே இருந்த நிமிடங்கள். ஆயினும், மேலே வந்தவுடன் எல்லோரும் செய்தது ஒன்றே: உடையிற் படிந்த மண்ணைக் காட்டிப் புகைப்படம் எடுத்துக்கொண்டனர்.

இக்காட்சிகளை இணைக்கும் இழை யாது? உபாயம். கெரில்லாவின் சாமர்த்தியம், எதிரியை ஏமாற்றிய கெட்டித்தனம், குறைந்த பொருளைக்கொண்டு செய்த விந்தை. உபாயத்தை ரசிப்பதற்கு எந்தப் பக்கத்தையும் சார்ந்திருக்கவேண்டியதில்லை என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. அந்த அவுஸ்திரேலிய இளைஞர்கள் பொறிகளைக் கண்டு மனமார வியந்தனர். பொறியிற் சிக்கியவனுக்காகவும் அவர்கள் வருந்தவில்லை. பொறியை அமைத்தவனுக்கு அது ஏன் தேவைப்பட்டது என்றும் வினவவில்லை. ஒரு மாயவித்தைக்காரனை ரசிப்பதுபோல் ரசித்தனர். போராட்டத்தைச் சாமர்த்தியமாகச் சுருக்கியதும் அது யாருக்கும் உரித்தான விளையாட்டுப் பொருளாகிவிடுகின்றது.

உபாயம் முன்னே வந்தபோது பின்னே தள்ளப்பட்டது உழைப்பு. கூச்சி மண் உலர்ந்தால் இறுகும் களிமண். அதனைக் குறுகிய பிடியுள்ள மண்வெட்டியாற் கொத்தி, மூங்கிற் கூடையில் அள்ளி, கையிலிருந்து கைக்கு மாற்றி மேலே கொண்டுவந்தனர். கணக்கு ஆசிரியர்கள் வகுப்பிற் செய்யத்தக்க ஒரு கணக்கு உண்டு. சுரங்கத்தின் அகலம் 80 சதமமீற்றர், உயரம் 1 மீற்றர் என்று மட்டமாகக் கொள்ளுவோம். 250 கிலோமீற்றருக்கு 2 இலட்சம் கன மீற்றர் மண். கன மீற்றர் ஒன்றுக்கு 1,600 கிலோ என்றால் 3 இலட்சத்து 20 ஆயிரம் தொன். கூடை ஒன்றில் 20 கிலோ அள்ளினால் 1 கோடியே 60 இலட்சம் கூடைகள். கணக்கு மட்டமானதே, ஆயினும் பொருள் விளங்கும். அத்தனை கூடை மண்ணையும் விமானத்திலிருந்து பார்ப்பவன் கண்ணிற் படாதவாறு மறைக்கவேண்டும். ஆற்றிற் கரைத்தனர், குண்டு விழுந்த பள்ளங்களை நிரப்பினர், வயலிற் பரப்பினர். பகலில் வயல், இரவிற் சுரங்கம் என்று இரட்டை வேலை செய்த கிழவரும் பெண்களும் சிறுவரும் தோண்டியது அது. மலேரியாவும், காற்றின்மையும், பாம்பும் பூரானும், மேலே விழும் குண்டினால் மூடுண்டுபோகும் அச்சமும் அவ்வேலையின் சூழ்நிலை. தாஜ்மகாலைப் பார்ப்பவன் ஷாஜகானை நினைக்கின்றான், கல் சுமந்தவனை நினைப்பதில்லை என்று நாம் வழக்கமாகக் குறைகூறுவோம். கல் சுமந்தவனே தனக்காகக் கட்டிய ஓர் அமைப்பு கூச்சி. அங்கேயும் அவன் தென்படவில்லையென்றால் யாரிடம் முறையிடுவது?

ஒரே ஓரிடத்தில் அவன் தென்பட்டான். அந்த இடம் எல்லோரும் ஏளனம் செய்யும் இடம். சுற்றுலாவின் தொடக்கத்தில் ஒரு கொட்டகையில் 1967இல் எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் படமொன்றைப் போடுகின்றனர். போர்க்காலப் பிரசாரப் படம். ஒலி கரகரக்கின்றது. அமெரிக்கரைக் கொன்ற வீரர் என்று ஓர் இளம் பெண்ணைப் பாராட்டும் வருணனை வரும்போது பார்வையாளர் நெளிகின்றனர், சிலர் சிரிக்கின்றனர். வழிகாட்டியும், பழைய காலத்துப் படம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்பதுபோல் முறுவலிக்கின்றார். எமது கருத்து இதற்கு நேர்மாறானது. அன்று காலை நாம் கண்டவற்றுட் கலைத்தகுதியுடையது அப்படம் ஒன்றுதான். ஏனெனில், அதில் மட்டுமே பழத்தோட்டம் இருந்தது. வயலில் வேலை செய்வோர் இருந்தனர். துவக்கைப் பக்கத்தில் வைத்துவிட்டு நிலத்திற் குனிந்த பெண் இருந்தாள். குண்டு விழுமுன் அவ்வூர் எப்படி இருந்தது என்பதைச் சொன்னது அதுவே. பிரசாரம் என்பதால் ஓர் ஆக்கம் பொய்யாகிவிடுவதில்லை. நடுநிலை என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் பொறிக் காட்சி, கொத்திய கையை மறைத்து முள்ளை மட்டும் காட்டுகின்றது. பிரசாரப் படமோ கையைக் காட்டுகின்றது. எதனை உண்மைக்கு அணுக்கமானது என்போம்?

துவக்குச் சுடும் இடத்தைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. ஏகே 47, எம் 16 ஆகிய ரகங்களை வைத்திருக்கின்றனர். சன்னத்துக்குக் காசு, பத்துச் சன்னத்துக்குக் குறைவாக விற்பதில்லை. அன்று காலை முழுவதும், நாம் சுரங்கத்தினுட் தவழ்ந்தபோதும், அடுப்பைப் பார்த்தபோதும், வேட்டொலி இடைவிடாது கேட்டுக்கொண்டேயிருந்தது. சுற்றுலாவுக்கு அது நல்ல பின்னணி இசை என்று ஒருவர் சொன்னதையும் கேட்டோம். நிலத்தின் கீழே கிடந்த ஒரு தாய், மேலே அதே ஒலி கேட்டபோது கைக்குழந்தையின் வாயை எப்படி மூடியிருப்பாள் என்ற எண்ணம் எமக்கு வந்தது. சுடும் இடத்துக்கும் சுரங்கத்துக்கும் இடையே நானூறு யார் தூரமும் இல்லை.

இறுதியில் அவித்த மரவள்ளிக்கிழங்கு தந்தனர். தொட்டுக்கொள்ள உப்பும் எள்ளும் நிலக்கடலையும் சேர்த்து இடித்த தூள். கெரில்லாக்களின் உணவு இது என்றார்கள். எமது ஊர்களிற் பஞ்ச காலத்தில் மரவள்ளி உண்டு வளர்ந்தோருக்கு அதில் விந்தை எதுவும் இல்லை. நன்றாகவே இருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் ஒரு துண்டைக் கடித்துவிட்டு வைத்துவிட்டனர்.

எதற்காகத் தோண்டினார்கள்? நாள் முழுவதும் எவரும் எழுப்பாத வினா இதுதான். நாட்டின் விடுதலைக்காக என்ற விடை உண்மை. ஆனால் அது முழு விடையன்று. பிரெஞ்சு ஆட்சியிற் கொச்சின்சைனா என அழைக்கப்பட்ட தென்பகுதியில் நிலம் சிலர் கையிற் குவிந்திருந்தது. குடியானவன் விளைச்சலின் பாதியளவைக் குத்தகையாகக் கொடுத்தான். கூச்சியைச் சுற்றியும் அதற்கு வடக்கேயும் பிரெஞ்சு முதலாளிகளின் இரப்பர்த் தோட்டங்கள். 1930இல் பூ றியெங் என்னுமிடத்து மிஷெலின் தோட்டத்திற் கூலிகள் நடத்திய வேலைநிறுத்தம் வியட்நாமியத் தொழிலாளர் வரலாற்றிற் பெரும் நிகழ்ச்சி. வடக்கிலிருந்து ஒப்பந்தத்திற் கொண்டுவரப்பட்ட அக்கூலிகளின் கதை எமது மலையக மக்களுக்கு அந்நியமானதன்று. கூச்சியிற் காட்சிக்கும் விற்பனைக்கும் வைத்திருக்கும் ரயர்ச் செருப்பைக் கையில் எடுத்தபோது, அந்த இரப்பர் எந்த மரத்திற் கசிந்ததோ என்று நினைக்காமலிருக்க முடியவில்லை.

இன்னுமொன்றையும் தமிழர் என்ற முறையிற் சொல்லியாகவேண்டும். அந்த நாட்டின் கடன் ஏடுகளில் எமது எழுத்தும் இருந்தது. பர்மாவிலும் இலங்கையிலும் போலவே கொச்சின்சைனாவிலும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டிக்கடை நடத்தினர். அவர்கள் பெரும்பாலும் நிலவுடைமையாளருக்கே கடன் கொடுத்தனர். நிலவுடைமையாளர் அப்பணத்தைக் கூடிய வட்டிக்குக் குடியானவனுக்குக் கொடுத்தனர். முப்பதுகளின் பெருமந்தத்தில் நெல்விலை சரிந்தபோது கடன் சரியவில்லை. வயல்கள் கைமாறின. ஏகாதிபத்தியம் என்பதைத் தூரத்து வெள்ளையனின் செயலாக மட்டும் எழுதுவது எமக்கு வசதியானது. சைகொனில் அவ்வசதி கிட்டுவதில்லை.

பிரெஞ்சுக்காரரை எதிர்த்த வியட்மின் இயக்கம் தன் ஆளுகைக்குட்பட்ட பகுதிகளில் நிலத்தைப் பகிர்ந்தளித்தது, குத்தகையைக் குறைத்தது. 1954க்குப் பின் அமைந்த ங்கோ டின் டியெம் அரசு 1956இற் கொண்டுவந்த நிலச்சட்டம் ஒரு நிலவுடைமையாளன் நூறு ஹெக்டயர்வரை வைத்திருக்க அனுமதித்தது. ஓடிப்போயிருந்த நிலவுடைமையாளர் பலர் திரும்பிவந்து குத்தகை கேட்டனர். ஒருமுறை தன்னுடையதாகிவிட்ட வயலுக்கு மறுபடி குத்தகை கொடுக்கவேண்டிய குடியானவன் மண்வெட்டியை எடுத்து வீட்டின் கீழே தோண்டியதில் என்ன வியப்பு? சைகொன் அரசே பின்னர் இதனை உணர்ந்தது. 1970இல் உழுபவனுக்கே நிலம் என்று சட்டம் செய்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. இவ்வளவும் சேர்ந்ததுதான் கூச்சி. அந்த மண்ணைத் தோண்டியவர்கள் அந்த மண்ணுக்காகவே தோண்டினர். இந்த ஒரு வசனம் அங்கு எந்தப் பலகையிலும் எம் கண்ணிற் படவில்லை.

மாலையிற் பார்த்த அருங்காட்சியகம் வேறொரு தரத்தைச் சேர்ந்தது. அதன் பெயர் மாறிய கதையிலிருந்து தொடங்குவோம். 1975 செப்தெம்பரில், போர் முடிந்து ஐந்தாவது மாதத்தில், இது திறக்கப்பட்டபோது அமெரிக்க, கைப்பாவை அரசுக் குற்றங்களின் காட்சியகம் என்று பெயர். 1990இல் போர், ஆக்கிரமிப்புக் குற்றங்களின் காட்சியகம் என்று மாற்றினர். அமெரிக்காவுடன் இராசதந்திர உறவு ஏற்பட்ட 1995இல் மூன்றாவது பெயர் வந்தது. ஆங்கிலத்தில் அதன் பொருள் போர் எச்சங்களின் அருங்காட்சியகம் என்பது. தமிழாசிரியர்கள் இதனை இலக்கண வகுப்பில் எடுத்துக்காட்டலாம். முதற் பெயரில் எழுவாய் இருந்தது. இரண்டாவதிற் குற்றம் இருந்தது, புரிந்தவன் மறைந்தான். மூன்றாவதிற் குற்றமும் மறைந்து எச்சம் நின்றது. எச்சம் என்றால் முற்றுப்பெறாத வினை என்பது மாணாக்கர் அறிந்ததே. ஆயினும் வியட்நாமியருக்கு நீதி செய்யவேண்டுமானால் ஒன்றைச் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும். அவர்களுடைய மொழியில் அப்பெயரிலுள்ள சொல் வெறும் எச்சத்தைக் குறிப்பதன்று. சான்றாக நிற்கும் சுவடு என்ற பொருளைத் தருவது. தம் மக்களுக்குச் சாட்சியம் என்றும், சீட்டு வாங்கும் அந்நியனுக்கு எச்சம் என்றும் ஒரே பெயரை இரண்டாக எழுதியிருக்கின்றார்கள்.

பெயர் தளர்ந்தாலும் உள்ளே இருப்பவை தளரவில்லை. முற்றத்தில் விமானங்களும் தாங்கிகளும். சிறுவர் அவற்றின் முன்னே நின்று படம் எடுக்கின்றனர். உள்ளே சென்றபின் எவரும் சிரிக்கவில்லை. காலையிற் பொறிகளைப் பார்த்துச் சிரித்த அதே கூட்டம் இங்கே பேச்சற்றுப்போனதை நாம் கண்ணாற் கண்டோம். காரணம் என்ன? கூச்சியிற் பார்வையாளனைக் கெரில்லாவாக நடிக்கவைத்தார்கள். இங்கே அவனைச் சாட்சியாக நிற்கவைத்தார்கள். நடிப்பவன் எழுந்து உடையைத் தட்டிக்கொண்டு போய்விடலாம். சாட்சிக்கு அது இயலாது.

சான்றுகளிற் பல எதிரியின் கையாலேயே பதிவானவை என்பது இவ்வருங்காட்சியகத்தின் பெரும் பலம். 1968 மார்ச் 16ஆம் திகதி மை லாய்க் கிராமத்தில் 504 பேர் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியோரும். அதனைப் படம் பிடித்தவர் அமெரிக்க இராணுவப் புகைப்படக்காரரான றொனால்ட் ஹேபர்லி. இராணுவம் கொடுத்த கமெராவில் எடுத்தவற்றை இராணுவத்திடம் கொடுத்தார். தன் சொந்தக் கமெராவில் எடுத்த வர்ணப் படங்களைத் தன்னிடமே வைத்திருந்து 1969 நவம்பரில் வெளியிட்டார். ஒரே மனிதன், ஒரே காலை, இரண்டு கமெராக்கள். எழுத்தாளனுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு.

ரெக்குவியம் என்னும் பெயரிலமைந்த பகுதியில், இந்தோசீனப் போர்களில் உயிரிழந்த 134 புகைப்படக்காரரின் படங்கள். அவர்களுடன் போர்க்களத்திற் பணிபுரிந்த ரிம் பேஜ், ஹோர்ஸ்ற் பாஸ் ஆகிய இருவர் தொகுத்தவை. இறந்தவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் வட வியட்நாம், விடுதலை முன்னணி ஆகிய தரப்பினர். மேல்நாட்டுப் படங்களின் பக்கத்தில் அவர்களுடைய படங்களைப் பார்க்கும்போது ஒரு வேறுபாடு புலப்பட்டது. மேல்நாட்டவரின் படங்களில் வியட்நாமியர் பெரும்பாலும் அழுகின்றனர், ஓடுகின்றனர், கிடக்கின்றனர். வியட்நாமியப் புகைப்படக்காரரின் படங்களில் அவர்கள் சுமக்கின்றனர், ஆற்றைக் கடக்கின்றனர், பாலம் கட்டுகின்றனர். சிலவற்றில் முன்னேற்பாடாக நிற்கவைத்து எடுத்த சாயல் உண்டென்பதை மறுக்கவில்லை. எனினும், அருங்காட்சியகம் முழுவதும் துன்புறுவோராகவே வரும் ஒரு மக்கள் கூட்டம் இந்தப் பகுதியில் மட்டும் தொழில் செய்வோராக வருகின்றது. காலையில் அந்தப் பழைய படத்திற் கண்ட கைகள் இவை.

செம்மஞ்சள் நிறச் சுவருள்ள அறையில் நீண்டநேரம் நிற்க முடியவில்லை. 1962க்கும் 1971க்கும் இடையில் அமெரிக்க விமானங்கள் தெளித்த களைநாசினி 7 கோடி லீற்றருக்கு மேல். அதில் மிகப் பெரும் பங்கு, பீப்பாவின் நிறப்பட்டையாற் பெயர்பெற்ற ஒரேஞ் கலவை. அமெரிக்கப் படைவீரர்கள் தொடுத்த வழக்கை இரசாயனக் கம்பனிகள் 1984இல் 18 கோடி டொலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டன. வியட்நாமியர் 2004இல் நியூயோர்க்கிற் தொடுத்த வழக்கு அடுத்த ஆண்டிலேயே தள்ளுபடியாயிற்று, மேன்முறையீடும் பயனளிக்கவில்லை. ஒரே பீப்பாவின் நஞ்சு. தெளித்தவன் உடம்பிற் பட்டபோது அதற்கு விலை இருந்தது, தெளிக்கப்பட்டவன் உடம்பில் இல்லை. சிதைந்த பிள்ளைகளின் படங்களை இத்தனை பெரிதாக, இத்தனை அருகருகே மாட்டியிருப்பது முறையா என்று எம்முடன் வந்த ஒரு பெண்மணி கேட்டார். எமக்கும் அந்த ஐயம் உண்டு. இரக்கம் ஓர் எல்லையைத் தாண்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்த வழக்குகளின் வரலாற்றை ஒரு சுவர் முழுவதும் எழுதியிருந்தால், பார்ப்பவர் உள்ளத்தில் இரக்கத்துடன் கோபமும் பிறந்திருக்கும்.

இனி, அருங்காட்சியகத்தில் இல்லாத ஒன்று. 1995இல் வியட்நாம் அரசு வெளியிட்ட கணக்கின்படி, தன் தரப்பிற் போராளிகள் 11 இலட்சம் பேரும், வடக்கிலும் தெற்கிலும் பொதுமக்கள் 20 இலட்சம் பேரும் மாண்டனர். அமெரிக்கர் 58,000க்கு மேல். சைகொன் அரசின் படையிற் சேர்ந்து இறந்த வியட்நாமியர் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இந்தச் சுவர்களில் எங்கும் துக்கிக்கப்படவில்லை. அவர்களுட் பலர் அதே குடியானவரின் பிள்ளைகள். கட்டாயத்தின் பேரிற் சீருடை அணிந்தவர்கள். கூச்சியின் பென் டுவொக் நினைவாலயத்திற் கல்லிற் பொறித்துள்ள 44,000க்கு மேற்பட்ட பெயர்களில் இவர்களுக்கு இடமில்லை. மதிய உணவின்போது எமது வழிகாட்டி, ஒலிவாங்கியைப் பஸ்ஸில் வைத்துவிட்டு வந்தபின், தன் தகப்பனாரும் அவ்வாறு சீருடை அணிந்தவரே என்று தாழ்ந்த குரலிற் சொன்னார். தகப்பனாரின் தமையனாருடைய கல்லறை பியென் ஹோவாவிலுள்ள பழைய இராணுவ மயானத்தில் இருக்கின்றதாம். புல் வெட்டுவதற்கு ஆண்டுக்கொருமுறை போவாராம். பிற்பகலில் ஒலிவாங்கியைக் கையில் எடுத்ததும் மறுபடி எமது மக்கள், எமது வெற்றி என்று பேசினார். அதில் பொய் எதுவும் இருந்ததாக எமக்குத் தோன்றவில்லை. இரண்டும் அவருடையவைதாம்.

இது ஏகாதிபத்தியத்தையும் அதற்கு எதிராகப் போராடியவரையும் ஒரே தட்டில் நிறுக்கும் வாதமாகாதா என்று தோழர் சிலர் கேட்பர். ஆகாது. ஆக்கிரமித்தவன் யார் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயின், தோற்ற தரப்பில் மாண்டவரின் துயிலும் இல்லங்கள் உழப்பட்ட ஒரு நாட்டிலிருந்து சென்ற நாம், புல் வெட்டப் போகும் மனிதனை அலட்சியம் செய்ய இயலாது. நீதியான போரில் வென்றவனுக்கு அநீதியான போரில் வென்றவனைவிடக் கூடுதலான கடமை உண்டு.

அருங்காட்சியகத்தால் இயலாததை வியட்நாமிய இலக்கியம் செய்திருக்கின்றது. பதினேழு வயதிற் போருக்குச் சென்று மீண்ட பாவோ நின் எழுதி 1990இல் வெளியான நாவல் முதலில் காதலின் விதி என்ற பொருள்படும் பெயருடன் வந்தது. போரின் துயரம் என்ற பெயரிலேயே உலகு அதனை அறியும். 1991இல் எழுத்தாளர் சங்கத்தின் பரிசைப் பெற்றது. கூடவே கடுங் கண்டனத்தையும் பெற்றது. அதன் நாயகன் கியென், போர் முடிந்தபின், காட்டில் விழுந்துகிடக்கும் தோழர்களின் எலும்பைத் தேடிச் சேர்க்கும் குழுவில் வேலை செய்கின்றான். நினைவாலயத்திற் பெயராக இருப்பவன் அங்கே தோண்டி எடுக்கப்படும் உடலாக இருக்கின்றான். சோர்வு மிகுந்த நாவல் என்று அதனைத் தள்ளிவிட்டோர் உளர். வென்றவனின் சோர்வையும் பதியாத இலக்கியம் வெற்றியை எப்படி அளக்கும் என்று நாம் கேட்கின்றோம். ஆயினும் அது ஹனோய் நகர இளைஞன் ஒருவனின் நாவல். கூச்சிக் குடியானவளின் நாவல் எம் கைக்கு இன்னும் எட்டவில்லை. மொழிபெயர்ப்பாளர்கள் தேடவேண்டியது அதனையே.

மாலை ஐந்துக்குப் பென் தான் சந்தையருகே இறக்கிவிட்டனர். சந்தைக்கு அண்மையில், பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் தமிழ் வணிகர் எழுப்பிய மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கின்றது. வட்டிக்கடைகள் போய்விட்டன, கோயில் நின்றுவிட்டது. உள்ளே தமிழர் எவரையும் காணோம். வியட்நாமியப் பெண்கள் ஊதுவத்தி ஏற்றிக் கருங்கற் சுவரில் நெற்றியை ஒற்றி எதையோ வேண்டிக்கொண்டிருந்தனர். ஒரு கிழவி நெடுநேரம் அப்படியே நின்றாள். நாம் வாசலிற் செருப்பைக் கழற்றியபோது, அடியில் ஒட்டியிருந்த கூச்சி மண் காய்ந்து உதிர்ந்தது. காவலாள் ஒருவர் வந்து ஈர்க்குமாற்றாற் கூட்டிச் சென்றார்.